பார்வோனுக்கு நூற்றிருபது மணி

சாந்தபுரம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் பாலர் வகுப்பு நடத்திய இன்பமணி டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. பாளையங்கோட்டைத் தொலைபேசி நிலையத்தில் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆப்பரேட்டர். வாரத்தில் ஆறு நாள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பம்பாயையும் தூத்துக்குடியையும் சேர்த்து வைப்பார். ஏழாம் நாள், ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில், நான்கு வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள இருபத்து மூன்று பிள்ளைகளை உட்கார வைத்து ஆண்டவரோடு சேர்த்து வைப்பார். இரண்டும் அவருக்கு ஒரே வேலைதான்.

அதனால் அவர் சொல்லும் வேதாகமக் கதைகளில் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சிறுவன் சாமுவேலுக்கு ஆண்டவரிடமிருந்து மூன்று முறை கால் வந்தது. மூன்று முறையும் அவன் தப்பான அறைக்கு ஓடிப்போய்க் கிழ ஆசாரியர் ஏலியை எழுப்பினான். யோனா பேச்சின் நடுவிலேயே லைனைத் துண்டித்துவிட்டுக் கப்பல் ஏறினான். ஆதாம் மணி அடித்தும் எடுக்காமல் மரத்துக்குப் பின்னால் நின்றான். கதை சூடு பிடிக்கிற இடத்தில் அடுத்த படத்தைத் தேட வேண்டி வந்தால் டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, "லைன்ல இருங்க" என்பார். அவர் திரும்பும்வரை ஒரு பிள்ளையும் வாய் திறக்காது.

நான் அந்த வகுப்பில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். பேச வேண்டியிராத வேலை என்பதால்தான் அதை ஒப்புக்கொண்டேன்.

டீச்சரின் படங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எப்போதோ வெள்ளைக்கார மிஷனரி அம்மாள் ஒருவர் விட்டுப்போனவை. நீலக் கம்பளித்துணி போர்த்திய பலகை ஒன்று; முதுகில் சொரசொரப்பான துணி ஒட்டிய காகித உருவங்கள் அறுபத்தெட்டு. உருவத்தைப் பலகையில் வைத்து அழுத்தினால் ஆணியும் பசையும் இல்லாமல் நிற்கும். தொண்ணூற்றிரண்டு நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். படப்பெட்டி மூன்று நாள் மிதந்தது. தண்ணீர் வடிந்தபின் திறந்து பார்த்தால் பதினோரு படங்கள் மிஞ்சியிருந்தன. நோவா வெள்ளத்தில் போய்விட்டார். பேழையும் போயிற்று. பார்வோன் தப்பிவிட்டான்.

மிஞ்சியவை இவை: பார்வோன், தாடிக்காரர் ஒருவர், நீல முக்காடு போட்ட பெண், ஒரு சிறுவன், ஒற்றைச் சிறகோடு ஒரு தேவதூதன், ஒட்டகம், ஆடு இரண்டு, பேரீச்ச மரம், ஒரு படகு, பாதி மீன். மீனில் வால்பக்கம்தான் இருந்தது. யோனா கதையில் டீச்சர் அதைப் பலகையின் ஓரத்தில் வைத்து, மீன் அவனை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகிறது என்பார். நோவா கதையில் ஒட்டகத்தையும் இரண்டு ஆடுகளையும் படகின் வாசலில் நிறுத்தி, மற்ற மிருகங்களெல்லாம் சீக்கிரமே வந்து உள்ளே போய்விட்டன என்பார். புதிய படங்கள் வேண்டும் என்று, எங்கள் பக்கத்துச் சபைகளையெல்லாம் நிர்வகிக்கும் சேகரத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. பதினோரு பேரை வைத்துக்கொண்டு ஆதியாகமத்திலிருந்து அப்போஸ்தலர் வரைக்கும் மூன்று வருஷம் நடத்தினார்.

பார்வோனின் சாயம் தண்ணீரில் இறங்கிக் கண்கள் சிவந்திருந்தன. ஒரு காது கிழிந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே இவன் நல்லதுக்கு வரவில்லை என்று தெரிந்துவிடும். எனவே வேதாகமத்தின் கெட்டவர்கள் எல்லாருக்கும் அவன்தான் ஆள். செங்கடலில் மூழ்கினான். கோலியாத்தாக வந்து கல்லடி பட்டான். நேபுகாத்நேச்சாராகப் புல் தின்றான். ஆமானாகத் தூக்கில் தொங்கினான். கிறிஸ்துமஸுக்கு ஏரோது.

தொண்ணூற்று நான்கில் தொலைபேசி நிலையத்துக்குப் புதிய இயந்திரம் வந்தது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்தது. பம்பாயும் தூத்துக்குடியும் தாங்களாகவே சேர்ந்துகொண்டன. டீச்சரைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, போன் செத்துப்போச்சு என்று சொல்லுகிறவர்களுக்கு அவர் ஆறுதல் சொல்ல வேண்டும். அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஒரே ஒரு முறை, தேவதூதனுக்குச் சிறகு ஒட்டிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இப்பம் எங்கிட்ட ஒருத்தரும் இன்னாரைக் குடுங்கன்னு கேட்டு வாரதில்ல. இந்தக் கொட்டகையிலதான் நான் லைன் போட்டுக் குடுக்கேன்."

மறு வருஷம் ஜூலையில் சேகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு பாலர் வகுப்புகளுக்கு வாய்மொழித் தேர்வு. பத்துக் கேள்வி. ஐந்துக்குக் கீழே வாங்கும் வகுப்பை மூடி, பிள்ளைகளைப் பாளையங்கோட்டையில் பெரிய கோயில் என்னும் ஆலயத்தின் வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். அங்கே பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்கள்தான் கற்பிக்கிறார்கள். டீச்சரிடம் இருந்த ஒரே சான்றிதழ் தந்தி-தொலைபேசித் துறை கொடுத்தது.

அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. தம் பிள்ளைகளுக்குக் கதைகள் தலைகீழாகத் தெரியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடு அடுத்த ஞாயிறு ஒரு ஒத்திகை வைத்தார். முன் வரிசையில் டார்லின் உட்கார்ந்திருந்தாள், ஐந்து வயது, எதையும் தீர விசாரிக்கிறவள். கோலியாத்தைக் கொன்றது யார் என்று டீச்சர் அவளைக் கேட்டார்.

டார்லின் யோசித்தாள். "எந்தத் தடவை, டீச்சர்?"

"எந்தத் தடவைன்னா?"

"மொதத் தடவை கடல்ல முங்கிச் செத்தான். அப்புறம் தாவீது கல்லால அடிச்சான். அப்புறம் தூக்குல தொங்கினான். நீங்கதான சொன்னிய?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

மற்ற பிள்ளைகளையும் விசாரித்ததில் விஷயம் தெளிவாயிற்று. வேதாகமத்தில் மொத்தம் ஒரே ஒரு கெட்டவன்தான் இருக்கிறான். எத்தனை முறை கொன்றாலும் போதவில்லை. மற்றபடி தாடித் தாத்தா ஒருவர் இருக்கிறார். படகு செய்தது, கடலைப் பிளந்தது, மீன் பிடித்தது எல்லாம் அவர்தான். அவருக்கு வயது அதிகம். இந்த முடிவுக்குப் பிள்ளைகள் தாங்களாக வரவில்லை. அடுத்த தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த கோமு உதவி செய்திருக்கிறாள். அவள் அப்பா ஆழ்வார்குறிச்சிக்காரர், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர், சைவர். ஞாயிறு காலையில் பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று அனுப்புவார். கோமு வருஷந்தோறும் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்தவள்.

"அங்கனயும் அப்படித்தான் டீச்சர்," என்றாள். "சூரனை வருஷா வருஷம் கொல்லுதாவ. தலைய மாத்திக்கிட்டு வந்துருவான். இவனாவது பரவால்ல, தலையக்கூட மாத்தாம வாரான்."

தேர்வுக்கு மூன்று ஞாயிறுகள் இருந்தன. முதல் ஞாயிறு டீச்சர் பொறுமையாக விளக்கினார்: பார்வோன் வேறு, கோலியாத் வேறு, ஏரோது வேறு. பிள்ளைகள் தலையாட்டினார்கள். சரி, கோலியாத்தைக் காட்டுங்கள் என்றார்கள். டீச்சரால் வேறு யாரைக் காட்ட முடியும்? இரண்டாம் ஞாயிறு கோலியாத் என்று ஒரு சீட்டில் எழுதி அவன் கழுத்தில் தொங்கவிட்டார். பிள்ளைகளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. பரிசு வாங்கியிருக்கிறான் என்று நினைத்தார்கள். மூன்றாம் ஞாயிறு பழைய ரவிக்கைத் துணியில் சிவப்புத் தலைப்பாகை தைத்துக் கொண்டுவந்து மாட்டினார்.

"தலைய மாத்திட்டான்," என்றாள் கோமு. அன்று வகுப்பில் அவளுக்கு இருந்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் இருந்ததில்லை.

வகுப்பு கலைந்தபின் டீச்சர் தலைப்பாகையைக் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்தார்.  பிறகு, "அடக்கம் பண்ணிருவோம்" என்றார்.

அவர் கணக்கு இதுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தின் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். மூழ்கியவன் நீந்தி வரலாம், அடிபட்டவன் பிழைக்கலாம். பெட்டியில் வைத்து மண் போட்டவன் கடைசி நாள் வரைக்கும் வரமாட்டான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பார்வோனைப் புதைத்துவிட்டால் மற்றக் கெட்டவர்களைப் படமில்லாமல் சொல்லிக்கொள்ளலாம். படமில்லாமல் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்டேன். "போன்ல மூஞ்சியா தெரியுது? குரல் போதும்," என்றார்.

தேர்வு நாள் காலை ஏழரைக்கே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தேர்வாளர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். எங்கள் ஐயருக்கு நான்கு ஊர். அன்றைக்கு வேறு ஊரில் ஆராதனை. கேட்க ஆள் இல்லாத நல்ல நேரம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை டீச்சர் கொண்டுவந்திருந்தார். வேப்பமரத்தடியில் ஆப்பக்கரண்டியால் குழி தோண்டினார். பெட்டியில் கிடத்தும் வேலை எனக்கு.

பார்வோனைப் பலகையிலிருந்து எடுத்தபோது முதுகுத் துணி உரிந்து என் கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்புக் காகிதத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. படித்தேன். சாலொமோன் ராஜா, ஞானத்தில் சிறந்தவர் என்றிருந்தது.

சாயம் இறங்கிய முகத்தைப் பார்த்துப் பார்வோன் என்று நினைத்து, மூன்று வருஷமாக ஒரு ஞானியைக் கடலில் முக்கியிருக்கிறோம், கல்லால் அடித்திருக்கிறோம், புல் தின்ன வைத்திருக்கிறோம். டீச்சரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் முழங்காலில் மண்ணோடு இருந்தார். மணி ஏழே முக்கால். நான் ராஜாவை மல்லாக்கக் கிடத்தி மூடியைப் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் டார்லின் எங்கிருந்தோ ஓடிவந்து, பார்வோனுக்கு என்ன வயது என்று டீச்சரைக் கேட்டாள். டீச்சர் குழியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அது இருக்கும்ட்டி, ஒரு நூத்திருபது" என்றார். டார்லின் மறுபடி ஓடினாள். ஏன் கேட்கிறாள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் தப்பு.

எங்கள் ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் யாராவது இறந்தால் துக்கமணி அடிப்பார்கள். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையில் நிதானமாக மூச்சு விடலாம். அந்த வேலை அப்பாத்துரை அண்ணாச்சியுடையது. மிகவும் ஒழுங்கானவர். எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். தவறினால் முதலிலிருந்து அடிப்பார். யார் இறந்தது என்றுகூட அடித்து முடித்தபின்தான் கேட்டுக்கொள்வார். பிள்ளைகளுக்கு மணி இல்லாத அடக்கம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. டார்லின் அவரிடம் போய், ஆள் செத்தாச்சு, டீச்சர் அடக்கம் பண்ணுதாவ, மணி அடிங்க என்றிருக்கிறாள். அவர் வயது மட்டும் கேட்டிருக்கிறார்.

முதல் மணி விழுந்தபோது டீச்சர் நிமிர்ந்து பார்த்து, பாவம், யாரோ என்றார். பிள்ளைகளை ஒரு நிமிஷம் கண்ணை மூடச் சொன்னார். அவரும் மூடிக்கொண்டார்.

ஊர் எண்ணத் தொடங்கியது. துக்கமணி கேட்டால் சாந்தபுரத்தில் அடுப்பில் இருப்பது அடுப்பிலேயே நிற்கும். இருபதைத் தாண்டியதும் இளம்பிள்ளைகளைப் பெற்றவர்கள் மூச்சு விட்டார்கள். நாற்பத்திரண்டு தாண்டியதும், புருஷன் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு அக்கா தரையில் உட்கார்ந்து தோத்திரம் சொன்னாள். எழுபத்தொன்றாம் மணி விழுந்தபோது, ஆலய மதிலை ஒட்டிச் சோடாக்கடை வைத்திருந்த முகம்மது சுல்தான் பொறுக்க முடியாமல் மணிக்கூண்டின் அடியில் வந்து நின்று, "யாரு அண்ணாச்சி தவறினது?" என்று கேட்டுவிட்டார்.

அப்பாத்துரை அண்ணாச்சி அவரை வருத்தத்தோடு பார்த்தார். கயிற்றை விட்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மறுபடி ஒன்று அடித்தார்.

இப்போது ஊருக்கு இரண்டு சாவு. ஒருவருக்கு எழுபத்தொன்று என்பது முடிவாகிவிட்டது. எழுபத்தொரு வயதில் ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார்: ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டார் வெளியே வந்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவரும் சந்தேகத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாராம்.

இரண்டாவது எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. எண்பத்தைந்தைத் தாண்டியது. அதற்கு மேல் ஊரில் மிச்சம் சாரம்மாள் ஆச்சி மட்டும்தான். ஆச்சிக்குத் தொண்ணூற்றொன்று. கட்டிலில் உட்கார்ந்து சின்ன இரும்புலக்கையால் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மணிக்கு ஒரு இடி என்று அவரும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். தொண்ணூற்றொன்றாம் மணி விழுந்ததும் உலக்கையை மெல்லக் கீழே வைத்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டார். மருமகள் பார்த்துவிட்டு அலறினாள். தொண்ணூற்றிரண்டாம் மணி விழுந்தது. ஆச்சி ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்பாத்துரைக்குக் கணக்குத் தெரியல," என்றார்.

தொண்ணூற்றைந்தும் விழுந்ததும் உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு தாமே ஆலயத்துக்கு நடந்தார். பின்னால் ஊர் முழுக்க நடந்தது.

நாங்கள் அதற்குள் பாட்டுப் பாடி மண்ணைத் தள்ளி முடித்திருந்தோம். மதில் வாசலில் தலையில் துண்டு போட்ட ஆண்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெண்களும் வந்து நிற்க, டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. நூற்றிருபதாம் மணி அடித்து ஓய்ந்தது. ஆச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"என் மணியையும் தாண்டி அடிக்கான். எவன் அவன், இந்த ஊர்ல எனக்கு மூத்தவன்?"

டார்லின் மண்மேட்டைக் காட்டினாள். "பார்வோன், ஆச்சி."

"எந்த ஊரு?"

"எகிப்து."

ஆச்சி அந்தச் சின்ன மேட்டையும் சுற்றி நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். "சொந்தக்காரங்க ஒருத்தரும் வரலியாக்கும்?" என்றார். பிறகு உலக்கையை ஊன்றிக்கொண்டு தாமும் அங்கே நின்றுவிட்டார். வந்த துக்கத்தில் நிற்காமல் போவது அவர் வழக்கம் இல்லை.

எட்டு ஐம்பது பஸ்ஸில் வந்திறங்கிய தேர்வாளர் இந்தக் கூட்டத்துக்குள்தான் நுழைந்தார். பெயர் ஜாபேஸ். இருபத்தாறு வயது. இறையியல் படித்தவர், பெரிய கோயிலில் பாலர் வகுப்பை நடத்துகிறவரும் அவர்தான். கையில் ரெக்சின் பை. துண்டுகளையும் கண்ணீரையும் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மண்மேட்டின் அளவைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. குனிந்து, பக்கத்தில் நின்ற டார்லினிடம் மெல்லக் கேட்டார்: "குழந்தையா, பாப்பா?"

"இல்ல சார். பார்வோன்."

ஜாபேஸ் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சருக்கு வாயில் வந்தது பழகின சொல்தான்: "லைன்ல இருங்க."

விளக்கிச் சொல்லிக் கூட்டத்தைச் சமாதானப்படுத்தவே ஒன்பதரை ஆகிவிட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வந்தது வந்தோம் என்று கொட்டகையின் ஜன்னல்களில் நின்றுகொண்டார்கள். ஆச்சிக்கு நாற்காலி போட்டோம். ஜாபேஸ் படிவத்தை எடுத்தார்.

படகு செய்தவர் யார்? தாடித் தாத்தா. பேர் என்ன என்றால் அவருக்கு நிறையப் பேர் இருக்கிறது, எது வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மார்க் இல்லை. சாமுவேலைக் கூப்பிட்டது யார்? இருபத்து மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு மார்க். யோனாவுக்கு ஒன்று. ஆதாம் ஏன் ஒளிந்தான் என்பதற்கு ஒன்று. செங்கடலில் மூழ்கியது யார்? பார்வோன்; ஜன்னலில் நின்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். நான்கு. இன்னும் ஒன்று கிடைத்தால் போதும். டீச்சர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்று கேள்விகள் தாடித் தாத்தாவிலேயே போயின. ஒன்பதாவது கேள்வி: தாவீது கல்லெறிந்து கொன்றது யாரை?

 பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமுதான் கடைசியில் எழுந்தாள். "அடக்கம் முடிஞ்சிட்டு சார். இனி அவனைப் பத்திப் பேசப்படாது."

ஜாபேஸ் நல்ல மனிதர். உதவி செய்யலாம் என்று நினைத்தார். பையிலிருந்து புதிய கோலியாத்தை எடுத்தார். சென்னையில் அச்சடித்தது; ஒரு முழ உயரம்; வெண்கலக் கவசம், ஈட்டி, செழுமையான மீசை. பலகையில் ஒட்டியதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பலகைக்கு வந்த முதல் புது ஆள். ஜாபேஸ் கதையை அழகாகச் சொன்னார். தாவீதையும் எடுத்து வைத்தார். கவணைச் சுழற்றிக் காட்டினார்.

"எதுக்கு சார் அடிக்கான்?" என்றாள் டார்லின்.

"இவன் ரொம்பப் பொல்லாதவன்."

"இவரு இப்பந்தான உங்ககூட பஸ்ல வந்தாரு?"

 டார்லின் விடவில்லை. "ஏழெழுபது தடவை மன்னிக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காவ. இவருக்கு ஒண்ணுகூட ஆகல."

ஜன்னலில் யாரோ, பிள்ளை சொல்லுதது நியாயந்தானே என்றார்கள். பின் வரிசையில் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். ஒரு பையன் எழுந்து போய்ப் பலகைக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டான். தாவீது கவணோடு அவன் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோனான். ஜாபேஸ் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். தந்தி அறுந்த லைனில் நிற்கிறவரின் முகம்.

டீச்சர் எழுந்து வந்தார். பையனின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். "சார், இன்னைக்குக் கல்லெறிய வேண்டாம். அவன் கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டும். செய்ய வேண்டிய சேட்டையெல்லாம் செய்யட்டும். பிள்ளைகளும் அதைப் பாக்கட்டும். அப்புறம் தாவீதைக் கூப்பிடுவோம்." பிள்ளைகளுக்கு அது ஒழுங்கான நடைமுறையாகப் பட்டது. அழுகை நின்றது.

பத்தாவது கேள்வியும் தாடித் தாத்தாதான். ஜாபேஸ் கூட்டினார். கூட்ட ஒன்றும் இல்லை. "நாலுதான் வருது டீச்சர்," என்றார் தாழ்ந்த குரலில். "விதிப்படி அடுத்த மாசத்துல இருந்து பிள்ளைகள் எங்கிட்ட வரணும்."

டீச்சர் வாதாடவில்லை. பதினொன்றில் மிஞ்சிய பத்துப் படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். பாதி மீனை எடுத்தபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பாளையங்கோட்டை பஸ்ஸில் நாலு வயதுப் பிள்ளைகள் எப்படி ஏறுவார்கள் என்று ஒரு முறை கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

அதற்குள் பிள்ளைகள் ஜாபேஸைச் சூழ்ந்துகொண்டார்கள். புதிய டீச்சர் இவர்தான் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது; விசாரிக்க வேண்டியவை இருந்தன.

"சார், உங்க வகுப்புல அடக்கம் என்னைக்கு?"

"உங்க பையில இன்னும் எத்தனை பேரு இருக்காவ? எல்லாரையும் கொல்லுவியளா?"

"சார், உங்க ஊர்ல பாதி மீனா, முழு மீனா?"

ஜாபேஸ் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாளையங்கோட்டையில் அவருக்கு நாற்பது பிள்ளைகள். நோவாவை நோவா என்றும் மோசேயை மோசே என்றும் சொல்லுகிற அமைதியான பிள்ளைகள். இந்த இருபத்து மூன்று பேரும் அவர்களுக்கு நடுவே வந்து உட்காருவதை அவர் மனதுக்குள் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு ட்ரங்க் காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து படிவத்தின் அடியில் ஆங்கிலத்தில் எழுதினார். நான் பதிவேட்டோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றதால் படிக்க முடிந்தது. சேகரத்தின் மற்றப் பிள்ளைகளுடைய நலனை முன்னிட்டு இந்தப் பிள்ளைகள் தற்போதைய ஆசிரியையிடமே தொடர்ந்து இருக்க வேண்டும் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன், என்பது அதன் பொருள். உறுதியாக என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு.

டீச்சரிடம் தமிழில் வேறு மாதிரி சொன்னார். "யோசிச்சுப் பாத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு பஸ் பயணம் சிரமம்தான். நீங்களே நடத்துங்க."

டீச்சர் பெட்டி மூடியைத் திறந்து படங்களை மறுபடி வெளியே எடுக்கத் தொடங்கினார். நன்றி சொல்ல மறந்துவிட்டார். ஜாபேஸ் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது கோலியாத் டார்லினின் மடியில் இருந்தான். கேட்டுப் பார்த்தார், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்பாத்துரை அண்ணாச்சியிடம் ஆச்சி, தமக்கு நேரம் வரும்போது தண்ணீர் குடிக்காமல் ஒரே மூச்சாக அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கோலியாத் எங்கள் பலகையின் மூலையில் மூன்று ஞாயிறு நின்றான். ஒரு சேட்டையும் செய்யவில்லை. நான்காம் ஞாயிறு பாடத்திட்டப்படி லாசருவின் கதை: கல்லறைக்குள் நாலு நாள் கிடந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவது. கூப்பிடுகிற கதை என்பதால் டீச்சருக்கு மிகவும் பிடித்தது. கூப்பிடும் இடம் வந்ததும் நிறுத்தி, "லைன்ல இருங்க" என்றார். கைப்பையில் துழாவி, வெள்ளைத் துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். மண் வாசனை வந்தது. துணியைப் பிரித்தார்.

சிவந்த கண். கிழிந்த காது. முதுகில் புதுத்துணி ஒட்டியிருந்தார். தேர்வுக்கு மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் ஆப்பக்கரண்டியோடு அவர் வேப்பமரத்தடிக்குப் போயிருக்க வேண்டும். முதுகில் எழுதியிருந்ததை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

 கோமு பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் இடித்து, "நாந்தான் சொன்னேம்லா" என்றாள்.

"இவன் பேரு லாசரு," என்றார் டீச்சர். "நல்லவன்."

டார்லின் எழுந்து பலகை அருகே வந்து அவனை வெகுநேரம் பார்த்தாள். கிழிந்த காதைத் தொட்டாள். "இப்பந்தான் திருந்திருக்கான்," என்று மற்றவர்களுக்கு அறிவித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே அப்பாத்துரை அண்ணாச்சி விளக்குமாற்றோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். "டீச்சரம்மா, எந்திரிச்சு வந்ததுக்கு எத்தனை அடிக்கணும்?"

டீச்சர் திரும்பாமலே, "லைன்ல இருங்க அண்ணாச்சி" என்றார்.